மேகம் மூடிய ஊரும் மூடாத ஊரும்

பஞ்சு எரிகிற வாசனை. வெறும் பஞ்சு இல்லை, டிஞ்சரும் சீழும் ஊறிக் காய்ந்துபோன பஞ்சு. போன மாதம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பின்சந்து வழியாகப் போனபோது யாரோ அதைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் பஞ்சு எரிகிற வாசனை வந்தால், எந்த மில் கிடங்கோ என்று வாசலுக்கு ஓடிவந்து வானத்தைப் பார்ப்பார்கள். நான் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். பீளமேட்டில் எங்கள் பழைய வீட்டின் புழக்கடை, துவைக்கிற கல், அதற்கு அந்தப்புறம் குனிந்து தீக்குச்சி கிழிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் முதுகு, எல்லாம் அந்தப் புகைக்குள்ளிருந்து எழுந்து வந்தன.

ஐம்பதுகளின் கடைசி. நான் காலேஜ் முடித்துவிட்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தேன். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ், அப்பாவின் தொழிலுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ். அப்பா பஞ்சுத் தரகர். ஒரு சிட்டிகை பஞ்சை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து இழுத்து, எந்த இடத்தில் இழை அறுகிறது என்று பார்ப்பார். மனிதர்களையும் அப்படித்தான் இழுத்துப் பார்ப்பார். எங்கள் அம்மா கல்யாணமான புதிதிலேயே அறுந்துபோனவள். அவளை இழுப்பதில் அவருக்குச் சுவாரசியம் போய் ரொம்ப நாளாகியிருந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் ஒரு லாட ஆணி செருப்பைத் துளைத்துக்கொண்டு வலது பாதத்தில் ஏறிவிட்டது. பாதம் மரத்துப்போயிருந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை. ஆணியோடு சந்தை முழுக்க நடந்து, இரண்டு காளைக்கு விலை பேசி, பஸ் ஏறி, வீடு வந்து சேர்ந்தார். அம்மா செருப்பைக் கழற்றும்போதுதான் ரத்தம். அதற்குப் பிறகு கட்டில். தினம் காலையில் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட ஒரு நர்ஸ் சைக்கிளில் வருவார், எங்களுக்கு அவர் சிஸ்டர்.

அவர் ஜெர்மன்காரர். இரண்டாவது உலகச் சண்டை முடிந்து சில வருஷங்களில் இங்கே வந்துவிட்டவர். தமிழ் படித்தது புத்தகத்தில் இல்லை, அன்னூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிரசவம் பார்த்துப் பார்த்து. அதனால் அந்த வெள்ளை வாயிலிருந்து வருவது எங்கள் ஊர்ப் பேச்சு. "ஏனுங்க ஐயா, ராத்திரி காலு வலிச்சுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டிவிட்டு, பழைய பஞ்சைப் புழக்கடையில் எரித்து, கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். அப்புறம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அம்மா கொடுக்கும் மோரைக் குடிப்பார்.

அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் ஒரு நாள் சொன்னார். அம்மா சும்மா, "உங்களுக்குக் கொளந்தைங்க இல்லீங்களா?" என்று கேட்டதற்கு.

"ஒரு பையன் இருந்தானுங்க அம்மணி. நாலு வயசு. என்ற அம்மாகிட்ட விட்டுப்போட்டு நான் அக்கட்ட ஒரு ஊருக்கு டூட்டிக்குப் போயிருந்தேன். பகல்ல வந்து குண்டு போட்டாங்க. ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஊட்டுக்காரர் ரஷ்யாவுக்குச் சண்டைக்குப் போனவரு, அவரும் வரலீங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எங்க ஊரு சின்ன ஊருங்க. ஒரு ஆறு, ஒரு பாலம், ஒரு கோயிலு. தோல் பட்டறை ஒண்ணு. அதுக்கு எதுக்குங்க அத்தனை விமானம்?"

"தப்பிப் போட்டிருப்பாங்க சிஸ்டரம்மா."

"இல்லீங்க. அவங்க படிச்சவங்க. காரணம் இல்லாமப் போட மாட்டாங்க. எனக்குத் தெரியாம அங்க ஏதோ இருந்திருக்கோணும். மலைக்குள்ள ஒளிச்சு வெச்ச ஃபேக்டரி, இல்லாட்டி வேற என்னமோ. என்னைக்காச்சும் யாராச்சும் சொல்லுவாங்க. அது மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க எனக்கு."

ஊர்ப் பெயரையும் சொன்னார். அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். சிஸ்டரும் சிரித்தார். நான் அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

அதே சமயம் எங்கள் தோட்டத்து அவுட் ஹவுஸில் ஓர் அமெரிக்கர் குடியிருந்தார். அப்பாவுக்கு வேண்டிய ஒரு மில் முதலாளி நூல் நூற்கிற புது ரிங் ஃபிரேம்கள் வரவழைத்திருந்தார். அவற்றைப் பூட்டி ஓடவிட்டுப் போக வந்த எரெக்டர் அவர். மில் கெஸ்ட் ஹவுஸ் கட்டி முடியாததால் எங்கள் வீட்டில். நெடுநெடு என்று உயரம், எங்கள் கதவு நிலையில் தலை இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. சுதந்திரம் வந்து அத்தனை வருஷமாகியும் அம்மாவுக்கு வெள்ளைத் தோல் எல்லாம் 'தொரை'தான். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

துரை சண்டைக் காலத்தில் இங்கிலாந்தில் இருந்த ஓர் அமெரிக்கக் குண்டு விமானப் பிரிவில் வேலை பார்த்தவர். மதுவிலக்கு அமலில் இருந்த காலம், வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் பர்மிட். சாயங்காலம் சங்கு ஊதி மில் விட்டு வந்ததும் பாட்டிலோடு அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அப்பா குடிக்கக் கூடாது. குடித்தார். சண்டை நடந்தபோது ரேடியோ கேட்டுக் கேட்டு அட்லஸில் பென்சிலால் கோடு போட்டவர் அவர். அந்தக் கோடுகளுக்குள்ளிருந்தே ஒருத்தன் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தால் விடுவாரா. இங்கிலீஷ் தடுக்கும் இடத்தில் நான் மொழிபெயர்த்தேன்.

எத்தனை சாயங்காலங்கள். இங்கிலாந்தின் கிழக்கு ஓரம், கடல் பக்கம், சர்க்கரைக் கிழங்கு விளைந்த வயலை மூடிப் போட்ட ஓடுதளம். பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்த மாதிரித் தகரக் குடில்கள். சேறு, சேறு, செருப்பிலும் சோற்றிலும் சேறு. சாதாரண நாட்களில் முட்டைப் பொடியைக் கரைத்து ஊற்றுவார்கள். புறப்படுகிற நாளில் மட்டும் நிஜ முட்டை. இருட்டோடு எழுப்பி உட்காரவைத்து, தட்டில் இரண்டு மஞ்சள் கண்கள் பார்த்தால், அன்றைக்குப் போகிறோம் என்று அர்த்தம்.

"சாகப் போறவனுக்கு நல்லாத்தான் போட்டிருக்கறாங்க," என்றார் அப்பா. "நம்ம ஜெயில்லயும் தூக்குக்கு மொத நாளு கேட்டதெல்லாம் தருவாங்களாமுங்க, தொரை."

நான் அதை மொழிபெயர்த்தேன். துரை விழுந்து விழுந்து சிரித்தார்.

சாப்பிட்ட பிறகு ஒரு நீண்ட குடில். சுவரில் திரை. திரையை விலக்கினால் தேசப்படம், அதில் ஒரு சிவப்பு நூல். நூல் எங்கே போய் முடிகிறது என்று எல்லாக் கழுத்தும் நீளும். தூரம் அதிகமென்றால் அறை முழுக்க ஒரு முனகல் எழும்பும், வண்டிமாடு மேட்டைப் பார்த்து விடுகிற மூச்சு மாதிரி. மேலே போனால் குளிர். மூச்சுவிடும் முகமூடிக்குள் எச்சில் பனிக்கட்டியாகும். கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டவன் தோல் இரும்போடு போகும். ஒருத்தனுக்கு இன்ஜின் நின்று பின்தங்கினால் கூட்டம் வேகத்தைக் குறைக்காது. அது விதி. பக்கத்தில் பறந்தவன் பின்னுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே முன்னால் போக வேண்டும். சிலர் கையசைப்பார்களாம்.

குடிலுக்கும் மைதானத்துக்கும் சைக்கிளில்தான் போய்வருவார்கள். காலையில் சாத்திவிட்டுப் போனவன் திரும்பவில்லை என்றால் சாயங்காலத்துக்குள் அந்தச் சைக்கிள் இன்னொருத்தனுடையது. யாரும் கேட்பதில்லை. துரையிடமிருந்த சைக்கிளும் அப்படிக் கைமாறிக் கைமாறி வந்ததுதான்.

"சீட்டைத் தூக்கிக்குவீங்களா, இல்லே அவன் வெச்ச உசரத்துலயே ஓட்டுவீங்களா?" என்று கேட்டார் அப்பா.

துரை சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, தூக்கிக்கொள்வேன், எனக்குக் கால் நீளம் என்றார். அப்பா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இழை எங்கே அறுகிறது என்று கண்டுபிடித்துவிட்ட முகம்.

துரையின் இடம் விமானத்தின் மூக்கில், கண்ணாடிக் கூண்டுக்குள். குண்டு விடுகிற வேலை. ஆனால் குறி பார்க்கிற வேலை அவருக்கு இல்லை. குறி பார்ப்பவன் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் விமானத்தில் இருப்பான். அதன் வயிற்றுக் கதவு திறந்து முதல் குண்டு விழுவது கண்ணில் பட்டதும் பின்னால் வருகிற எல்லாரும் பொத்தானை அழுத்த வேண்டும். முன்பெஞ்சுக்காரனைப் பார்த்துக் காப்பியடிக்கிற மாதிரி. தலைமை விமானம் தப்பாகப் போட்டால் எல்லாரும் சேர்ந்து தப்பாகப் போடுவார்கள், ஒருத்தன்கூட விலகாமல்.

சிஸ்டர் ஜெர்மன்காரர் என்று துரைக்குத் தெரியும். துரை என்ன வேலை பார்த்தவர் என்று சிஸ்டருக்கும் தெரியும். ஒரே வீட்டில் இருக்கிற பேச்சுவார்த்தையில்லாத பங்காளிகள் மாதிரி மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். குட் மார்னிங் என்பார் சிஸ்டர். இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்பார் துரை. சூலூரிலிருந்து எப்போதாவது விமானம் ஒன்று கிளம்பி எங்கள் தலைக்கு மேல் போகும். துரை வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பார். சிஸ்டர் தலையைத் தூக்குவதில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் தேய்ந்து மறையும்வரை அப்பாவின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தியபடி அப்படியே இருப்பார்.

எல்லாம் இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும், அந்த ஒரு வாரம் இல்லையென்றால். ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய டாக்டர் வந்து விரல்களைப் பார்த்தார். அம்மாவிடம் கவலைப்படாதீங்க என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். மறுநாள் அப்பா சிஸ்டரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சிஸ்டர், ஆறிருமில்லீங்க?"

"ஆறாதுங்க ஐயா. ரெண்டு விரலை எடுக்கோணும். இப்ப எடுத்தா பாதம் நிக்குமுங்க. தள்ளிப்போட்டா முழங்கால்கிட்ட வந்துரும்."

"சித்த மெதுவாச் சொல்லக் கூடாதுங்களா?"

"மெதுவாச் சொன்னாலும் அதே ரெண்டு விரல்தானுங்க."

"ஒரு பொய்யைச் சொல்லிப்போட்டுப் போங்க தாயி. நான் தூங்கோணுமில்ல."

"பொய் சொல்ல மாட்டேனுங்க. உண்மை தெரிஞ்சாத்தான் ஒடம்பு ஒத்துழைக்கும்." சொல்லிக்கொண்டே தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். அச்சு வெல்லம். வாசலில் நின்ற பால்காரரிடம் கொடுத்து, "உங்க எருமைக்குக் கொடுத்துருங்க," என்றார். பால்காரர் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்துவிட்டாள். கல்யாணமாகி முதல் தடவையாக அம்மா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

அப்பாவும் கூடவே சிரித்துவைத்தார். எங்கள் பக்கத்தில் கோபத்தைக் காட்டுவது மரியாதைக் குறைவு. கத்தியைச் செருகுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் செருகுவார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் துரை நிறையக் குடித்துவிட்டு ஏதோ ஒரு நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மேகத்தைப் பற்றி. நான் சமையலறையில் அம்மாவுக்கு மாவாட்டிக்கொண்டிருந்ததால் பாதிதான் கேட்டது. துரை போன பிறகு அப்பா பழைய அட்லஸைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் தேடினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "சிஸ்டரம்மா ஊரு பேரு என்னமோ சொல்லிச் சிரிச்சயே, என்னது?" என்றார். அம்மா திக்கித் திணறிச் சொன்னாள். அப்பா அட்லஸை மூடிவிட்டார்.

"என்னங்கப்பா?"

"ஒண்ணுமில்ல அம்மிணி. நாளைக்கு மில்லு லீவு. தொரையைக் காலைல காப்பிக்கு இங்க வரச் சொல்லு."

மறுநாள் ஞாயிறு. மாதா கோயில் பூசை முடிந்து சிஸ்டர் வெள்ளை உடுப்பில் வந்தார். துரையும் வந்து, நிலையில் தலையை இடித்து, நாற்காலியில் உட்கார்ந்தார். சிஸ்டர் கட்டைப் பிரித்துக் கழுவத் தொடங்கியதும் அப்பா சொன்னார், "தொரை, நேத்து ஒரு கதை சொன்னீங்களே, மேகம் மூடின கதை. எம்பட பொண்ணு கேக்கல. இன்னொருக்காச் சொல்லுங்க."

துரை சிஸ்டரைப் பார்த்துவிட்டு வேண்டாமே என்றார். அப்பா விடவில்லை. சிஸ்டர் புண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்லட்டுமுங்க. எனக்கொண்ணுமில்ல," என்றார்.

துரை சொன்னார். குடிக்காதபோது அவர் கதைகள் சின்னவை. அன்றைக்கு நூல் நீளம். ரயில் பாதைகள் கூடுகிற ஒரு பெரிய நகரம்தான் இலக்கு. போய்ச் சேர்ந்தால் கீழே ஒன்றுமே தெரியவில்லை, பாலைக் கொட்டின மாதிரி மேகம். ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மேகம் விலகவில்லை. இன்னொரு சுற்றுக்கு எண்ணெய் போதாது.

"அப்படியே திரும்பி வரக்கூடாதா?" என்று கேட்டேன்.

வரலாம், கடலில் கொட்டிவிட்டும் வரலாம் என்றார் துரை. ஆனால் யாருக்கும் அது பிடிப்பதில்லை. வயிற்றில் குண்டோடு இறங்குவது பயம். அதைவிட இன்னொரு பயம். இத்தனை தடவை போய்வந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பது அவர்கள் விதி. போடாமல் திரும்பினால் அந்தப் பயணம் கணக்கில் சேருமோ சேராதோ. செத்துப் பிழைத்துப் போய்விட்டு அது கணக்கிலேயே வராமல் போனால்? அதனால், இலக்கு மூடியிருந்தால், எதிரி தேசத்தில் கண்ணில் படுகிற வேறு ஊரில் போட்டுவிட்டு வரலாம் என்று உத்தரவிலேயே இடம் வைத்திருந்தார்கள்.

அம்மா காப்பியோடு நின்றிருந்தாள். "தொரை என்ன சொல்றாரு?" என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னேன், கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவர அவர்களுக்கு மனசு வராதாம், வழியில் எங்கேயாவது போட்டுவிடுவார்களாம்.

அம்மாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. முகமெல்லாம் மலர்ந்தது. "அட, நம்மூர்ச் சீரு மாதிரித்தானுங்க. சீர்க்கூடையைத் தலைல எடுத்துப்போட்டா அப்பறம் ஊட்டுக்குத் திருப்பிக் கொண்டாரக் கூடாதுங்க தொரை, குடும்பத்துக்கு ஆகாது. போன ஊடு பூட்டிக் கெடந்தா வழில ஏதாச்சும் கோயில்ல, இல்லைன்னா ஊரு எல்லைல, வெச்சுப்போட்டு வந்துருவோம்." டம்ளரைத் துரையின் கையில் கொடுத்தாள். பக்கத்திலேயே சிஸ்டருக்கும் ஒரு டம்ளர் வைத்தாள். "சர்க்கரை போதுங்களா சிஸ்டரம்மா?"

"போதுமுங்க அம்மணி," என்றார் சிஸ்டர்.

துரை சீக்கிரம் முடித்துவிட நினைத்தார். திரும்பும் வழியில் மேகத்தில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு ஊர். வெயில் விழுந்திருந்தது. தலைமை விமானத்தின் கதவு திறந்தது. அவ்வளவுதான்.

"அந்த ஊரு பேரு என்னமோ சொன்னீங்களே?" என்றார் அப்பா.

துரை சொன்னார்.

நான் சிஸ்டரின் கையைத்தான் பார்த்தேன். துணிப் பட்டை பாதத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நிற்கவில்லை. இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. குதிகாலைச் சுற்றி, கணுக்காலில் ஏறி, மறுபடி கீழே வந்தது. அப்புறம் இங்கிலீஷில் கேட்டார், "அங்கே என்ன இருந்தது?"

"தெரியாது, சிஸ்டர். நான் ஊரைப் பார்க்கவில்லை. முன்னால் போன விமானத்தைத்தான் பார்த்தேன்."

"தேசப்படத்தில்?"

"ஒரு பாலம். இறங்கின பிறகுதான் படத்தை வைத்து எந்த ஊர் என்று கண்டுபிடித்தார்கள்."

"மலைக்குள்ளே ஏதாவது. ஒரு ஃபேக்டரி."

"இல்லை."

"யாருக்காவது தெரிந்திருக்கலாம். உங்களுக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம்."

"இல்லை, சிஸ்டர். மேகம்தான் காரணம். அங்கே மட்டும் மேகம் இல்லை."

அப்பா தலையணையில் சாய்ந்துகொண்டார். குரல் அவ்வளவு மிருதுவாக இருந்தது. "நீங்கதானுங்களே சொன்னீங்க சிஸ்டர், உண்மை தெரிஞ்சாத்தான் ஒடம்பு ஒத்துழைக்கும்னு." பிறகு துரையின் பக்கம் திரும்பி, தரகுத் தொழிலுக்குப் பழகின இங்கிலீஷில், விலை சொல்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார், "அது சிஸ்டர் ஊர். சிஸ்டர் பையன் அங்கேதான் இருந்தான்."

துரையின் கையில் காப்பி அப்படியே இருந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். சிஸ்டர் பட்டையின் நுனியைக் கிழித்து முடிச்சுப் போட்டார். பழைய பஞ்சு போட்டிருந்த பேசினைத் தூக்கிக்கொண்டு புழக்கடைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். பஞ்சைக் குவித்தார், மண்ணெண்ணெய் ஊற்றினார். தீக்குச்சி முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது. முழங்கைவரை கழுவினார். மோர் வேண்டாம் என்றார். போகும்போது ஜன்னல் பக்கம் நின்று, "நாளைக்கு வாரேனுங்க ஐயா. வெல்லம் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

சொன்னபடியே மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அதே கேள்வி, அதே கை. அப்பா எதிர்பார்த்தது வேறு. அழுகை, சாபம், வேலையை விட்டுப் போய்விடுவது, எதுவாக இருந்தாலும் அவர் சமாளித்திருப்பார். இழுத்த இழை அறுந்துபோகவில்லை என்றதும் பயம் வந்துவிட்டது. கத்தரிக்கோல் பாதத்துக்குப் பக்கத்தில் வரும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அவ மருந்துல என்னத்தைக் கலக்கறான்னு யாருக்குத் தெரியும்," என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். விரலை எடுக்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னபோது, "அங்க அவ இருக்கறா. நான் வர மாட்டேன்," என்றார். அடுத்த வாரம் சிஸ்டர் வந்தபோது அம்மாவை அனுப்பித் தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னார். அதற்கடுத்த நாளும் தூங்கினார். சிஸ்டர் கேட் கம்பியைப் பிடித்தபடி, "தூங்கினா விரல் காத்திருக்காதுங்க அம்மணி," என்று மட்டும் சொன்னார்.

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு எண்ணெய் வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். பச்சை எண்ணெய், மேலே வாழையிலை, அதற்கு மேலே துணி. வீடு முழுக்க இனிப்பாக ஒரு நாற்றம். வாழையிலையைப் பிரித்த ஒரு காலையில் பாதம் கறுத்திருந்தது. மில் வண்டியில் போட்டு அதே மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் அறையில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்றது சிஸ்டர்தான். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் அப்பா பார்த்த முதல் முகமும் அவருடையதுதான்.

"எது வரைக்குமுங்க?"

"முழங்காலுக்குக் கீழுங்க ஐயா."

அப்பா அழுதார். சிஸ்டர் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிஸ்டர் அந்தப் பக்கமாக வந்து மீதியையும் துடைத்தார்.

துரை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு எங்கள் வீட்டுக்குள் வருவதை நிறுத்தியிருந்தார். பாட்டில் அவுட் ஹவுஸிலேயே காலியானது. சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவரை தினம் காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். சிஸ்டர் குட் மார்னிங் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் துரை என்னிடம், "என்னைத் திட்டச் சொல். எதையாவது சொல்லச் சொல்," என்றார். நான் போய் அப்படியே சொன்னேன். "எதுக்கு கண்ணு? அவரு முன்னால போனவனைப் பார்த்துப் போட்டாரு. மத்தவங்களும் அதைத்தானே பண்ணுனாங்க," என்றார் சிஸ்டர். நான் அதைத் துரையிடம் சொன்னபோது அவர் திட்டு வாங்கினவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முகம் ஒட்டிப்போயிற்று. மில்லில் ஃபிரேம்கள் எல்லாம் ஓடத் தொடங்கின. அதைப் பார்க்க அவர் போகவில்லை என்று சொன்னார்கள்.

ஊருக்குப் போகிற அன்று துரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆரஞ்சுக் கூடை. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கூடையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வெளியே வந்தார். வழியனுப்ப நானும் வந்தேன். போர்ட்டிகோவில் மெட்ராஸ் ரயிலுக்குப் போகிற டாக்சி. அந்த நேரத்தில் சிஸ்டர் எனாமல் பேசினோடு வராந்தாவில் வந்தார். இந்தத் தடவை ஒதுங்கிப் போகவில்லை. நேராக வந்து நின்றார்.

"ஒரு கேள்வி," என்றார் இங்கிலீஷில். "அன்றைக்கு மேகம் மூடியிருந்ததே. நீங்கள் போட வேண்டியிருந்த நகரம். அது எது?"

துரை சொன்னார்.

"இன்னொரு முறை சொல்லுங்கள்."

சொன்னார். சிஸ்டர் பேசினை வராந்தாத் திண்டில் வைத்தார். வெள்ளை உடுப்பில் கையைத் துடைத்தார், கை ஈரமாகவே இல்லை. பிறகு துரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் தமிழில் பேசினார்.

"அந்த ஊர்லதான் கண்ணு எங்கக்கா இருந்தா. ரயிலடிக்கு எதுத்த வீதி. அவ, அவ புருசன், மூணு கொளந்தைங்க. அத்தனை பேரும் இன்னைக்கும் நல்லாருக்கறாங்க. பெரியவளுக்குப் போன வருசம் கண்ணாலம் ஆச்சு."

துரைக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னார்? தயவுசெய்து சொல்."

டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். சிஸ்டர் பேசினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"சொல்லிப்போடாத கண்ணு. சொன்னா அவருக்கு ஆறிப்போயிரும்."